சைலன்சருக்கு ஒரு வாளித் தண்ணீர்

அச்சங்குளத்தில் அந்தப் பட்டாசு ஆலையின் கேட்டுக்கு முன்னால் எங்கள் லாரி நின்றது. டிரைவர் காளிராஜ் எஞ்சினை அணைத்தார். ஆலைக்குள் செருப்பு போகக் கூடாது என்பதால், செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளினார். நடுவில் நான். ஜன்னல் ஓரத்தில், எங்கள் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கும் ஜெபராஜ். காலி வண்டிதான். லோடு ஏற்ற வந்திருந்தோம்.

கேட் காவலுக்கு இருக்கும் சீனியம்மாள் ஒரு பச்சை பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். சேலைக்கு மேல் காக்கிச் சட்டை போட்டிருந்தார். குனிந்து, லாரியின் அடிவயிற்றைக் குறிபார்த்துத் தண்ணீரை வீசினார். 'உஸ்ஸ்ஸ்' என்று சத்தம். ஆவி கிளம்பி எங்கள் ஜன்னல் வரை வந்தது. ஈரத்துணி மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்த வாசனை.

"எம்மாடி, இன்னைக்கும் என்னமா கொதிக்குது!" என்றபடி திரும்பிப் போய் இன்னொரு வாளி கொண்டுவந்தார்.

"என்னப்பா, லாரிக்குக் குளியலெல்லாம் உண்டா?" என்று கேட்டுச் சிரித்தேன்.

"இங்கன எல்லா வண்டிக்கும் உள்ளதுதாங்க்கா," என்றார் காளிராஜ்.

சிரித்துக்கொண்டேதான் அந்த வாளியைப் பார்த்தேன். பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று புரிய வேண்டுமானால், அதற்கு முந்திய சில வாரங்களைச் சொல்லியாக வேண்டும்.

போன வாரம் எங்கள் அத்தாவின், அதாவது அப்பாவின், வத்தல் கமிஷன் கடையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு என் தம்பி அன்வர் போன் செய்தான். "லாரிக் கதை எழுதும்போதாவது அத்தாவை விட்டுருக்கா," என்றான். முடியாது தம்பி. இந்தக் கதையிலும் அத்தாவுக்கு வேலை இருக்கிறது.

முதுகில் பட்டாசு, வயிற்றில் அடுப்பு

பழைய லாரிதான் லாரி, இப்போது வருவதெல்லாம் கம்ப்யூட்டர் பொம்மை என்று டீக்கடையில் உட்கார்ந்து பேசும் ஆண்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. அந்தப் பழைய லாரியின் புகையைத் தின்றுதான் விருதுநகர் பஜார் இத்தனை காலம் இருமியது. எங்கள் லாரி சர்வீஸுக்குப் புது வண்டி வந்த அன்று, சைலன்சர் வாயில் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்துக் காட்டினேன். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. அதற்குப் பிறகு என்னிடம் யாரும் வாயைத் திறக்கவில்லை.

புகை வராததற்குக் காரணம், சைலன்சருக்குள் ஒரு பில்டர். கரியை எல்லாம் அது பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் வண்டி தன் சைலன்சரைத் தானே நெருப்பாகச் சூடாக்கி, அந்தக் கரியை எரித்துவிடும். பில்டர் நிறைந்ததா இல்லையா என்று சொல்வது ஒரு சின்ன பிரஷர் சென்சார். சோப்பு டப்பியில் பாதிகூட இருக்காது. அதிலிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள் போகும். ஒன்று பில்டருக்கு முன்னால், இன்னொன்று பின்னால். முன்னால் அழுத்தம் கூடி, பின்னால் குறைந்தால், நடுவில் அடைப்பு என்று அர்த்தம். சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டு அவதிப்பட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அந்தச் சென்சார் பொய் சொன்னால் என்ன ஆகும்? சுத்தமாக இருக்கும் பில்டரை நிறைந்துவிட்டது என்று சொல்லும். உடனே வண்டி எரிக்கத் துடிக்கும். நெல்லோ சிமெண்டோ ஏற்றியிருந்தால் எரித்துவிட்டுப் போகட்டும் என்று விடலாம். நம் பக்கத்து லோடு அப்படியா?

"பட்டாசை முதுகுல வச்சுக்கிட்டு அடுப்பை மூட்டச் சொல்லுதுக்கா வண்டி," என்பார் காளிராஜ்.

எரிக்காமல் நிறுத்திவைக்க டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் உண்டு. லோடு ஏறியதும் காளிராஜ் அதைத்தான் முதலில் அழுத்துவார். அதே போல, காலி வண்டியாக ஆலைக்கு வரும் வழியிலேயே நான்குவழிச் சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டி, கரியை எரித்து முடித்துவிடுவார். லோடு ஏறும்போது பில்டர் காலியாக இருக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. நான் சொல்லிக் கொடுத்ததில்லை. அப்படியொரு கவனமான டிரைவர் கிடைத்ததற்கு நான் அல்லாவுக்கு நன்றி சொல்லாத நாள் இல்லை.

அப்படிப்பட்டவர் ஓட்டிய வண்டிதான் சாத்தூர் தாண்டி, லோடோடு ஒரு நாள் நின்றது. பில்டர் நிறைந்தது என்று விளக்கு எரிந்திருக்கிறது. இவர் எரிக்கவிடவில்லை. வண்டி கோபித்துக்கொண்டு இழுவையைக் குறைத்துவிட்டது. மாட்டுவண்டி முந்திப் போகிற வேகம்.

லோடை எப்படியோ இறக்கிவிட்டு வந்த வண்டியை ஜெபராஜ் பார்த்தார். சென்சாரைக் கழற்றி, குழாய்களில் படிந்திருந்த கரியைக் கம்பிவிட்டுக் குடைந்து, காற்றடித்தார். சென்சாருக்கு மட்டும் காற்றடிக்கவில்லை. "உள்ளுக்குள்ள மெல்லிசா ஒரு தகடு இருக்குக்கா. வேகமாக் காத்தடிச்சா போயிரும்," என்று சொல்லி, ஸ்பிரே அடித்துத் துடைத்து மாட்டினார். ஒயர் வந்து சேரும் சாக்கெட்டையும் துடைத்தார். வண்டி ஓடியது. நானும் மறந்துவிட்டேன்.

உப்பைத் தின்னவன்

அடுத்த முறை நின்றது ஆடிக் காற்றில். தீபாவளி ஆர்டர்கள் வேகமெடுத்திருந்த நேரம். வடக்கே போக வேண்டிய லோடு, எட்டூர்வட்டம் விலக்குக்குப் பக்கத்தில் சாலையோரமாக நின்றுவிட்டது. அச்சங்குளம் ஆலையிலிருந்து வேறு லாரி அனுப்பி, பெட்டிகளை மாற்றி ஏற்றினார்கள். லோடு அனுப்பும் மேனேஜர் தானே வந்திருந்தார். நானும் ஜெபராஜோடு விருதுநகரிலிருந்து போய்ச் சேர்ந்தேன்.

பெட்டிகள் எல்லாம் போன பிறகு ஜெபராஜ் வண்டிக்கு அடியில் புகுந்து சென்சாரின் சாக்கெட்டைப் பிடுங்கினார். உள்ளே பின்கள் பச்சை பூத்திருந்தன. சுற்றிலும் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

"கடலுக்குள்ள விட்ட வண்டி மாதிரியில்லா இருக்கு," என்றார் ஜெபராஜ். யோசிக்காமல் சொன்ன வார்த்தை. அதுதான் வினையாகப் போயிற்று.

மேனேஜர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். "உப்பு லோடு ஏத்தியிருக்கான்," என்றார்.

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தூத்துக்குடிப் பக்கம் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும் டிரைவர்களில் சிலர், முதலாளிக்குத் தெரியாமல் உப்பு மூட்டை ஏற்றி வருவதுண்டு. உப்பு ஏறிய வண்டியில் பிறகு பட்டாசு ஏற்றினால், பலகையில் ஒட்டியிருக்கும் உப்பு ஈரத்தை இழுக்கும். பெட்டி நமத்துப் போகும். அந்த வண்டியையும் அந்த டிரைவரையும் எந்தக் கம்பெனியும் கேட்டுக்குள் விடாது.

"நான் ஏத்தல சார்," என்றார் காளிராஜ்.

"பின்ன இது வானத்துலருந்தா விளுந்துச்சு?"

"தெரியல சார். ஆனா நான் ஏத்தல. ஏத்தியிருந்தா ஏத்தினேன்னு சொல்லிருப்பேன்."

"உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான ஆகணும். இனிமே இவன் எங்க கேட்டுக்கு வர வேண்டாம்மா. வேற டிரைவரைப் போட்டு வண்டியை அனுப்புங்க," என்று என்னிடம் சொல்லிவிட்டு மேனேஜர் பைக்கை எடுத்தார்.

அவர் கெட்டவர் இல்லை. அவருடைய வேலை அது. ஆனால் காளிராஜின் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அவர் மனைவி விஸ்வநத்தத்தில் ஒரு ஆலையில் வேலை செய்கிறார். கொழுந்தியாள் தீப்பெட்டியில். ஒரு கேட்டில் சொன்ன வார்த்தை சாயங்காலத்துக்குள் எல்லா கேட்டுக்கும் போய்விடும் ஊர் இது. பட்டாசுக்கு நடுவில் பிழைக்கிறவனுக்குத் திருடன் என்ற பெயரைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். கவனமில்லாதவன் என்ற பெயரைத் தாங்க முடியாது.

"வீட்டுல போய் எப்படிக்கா முளிப்பேன்? அவ கேக்கவே மாட்டா. அதுதான் எனக்குப் பயமா இருக்கு," என்றார்.

"நீ ஏத்தலேல்ல?"

"இல்லக்கா."

"அப்ப நிமிந்து நில்லு. மத்ததை நான் பாத்துக்கிறேன்," என்றேன். எப்படிப் பார்த்துக்கொள்வேன் என்று எனக்கே அப்போது தெரியாது. ஆனால் நான் இப்படித்தான். வாக்கை முதலில் கொடுத்துவிடுவேன், வழியைப் பிறகு தேடுவேன்.

அத்தாவின் நாக்கு

இந்த இடத்தில்தான் அத்தா வருகிறார்.

எங்கள் கமிஷன் கடையில் சாக்கு சாக்காக வத்தல், மல்லி, உளுந்து வந்து இறங்கும். அத்தா எதையும் கண்ணால் மட்டும் பார்த்து விலை சொன்னதில்லை. ஒரு மல்லியை எடுத்து முன்பல்லில் கடிப்பார். பருப்பை நாக்கில் போட்டு ஊறவிடுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் என் நாக்கையும் வேலைக்கு வைத்துக்கொள்வார். "கண்ணு மயங்கும், மூக்கு அடைக்கும், நாக்குக்குப் பொய் தெரியாது" என்பது அவருடைய பேச்சு. வத்தலைக் கடித்துவிட்டு நான் அழுத அழுகையைப் போன வாரமே எழுதிவிட்டேன்.

வண்டி நின்ற அன்றைக்கு, மேனேஜர் போனதும், முதலில் வண்டியின் மேலே ஏறிப் பார்த்தேன். பலகை இடுக்குகளில் அட்டைத் தூசிதான் இருந்தது. தார்ப்பாய் மாட்டும் கொக்கிகளில் துரு இல்லை. உப்பு ஏறிய வண்டியின் கொக்கி இரண்டு நாளில் காட்டிக் கொடுத்துவிடும்.

பிறகு கீழே இறங்கி, அந்தச் சாக்கெட்டின் வெளிப்பக்கம் படிந்திருந்த வெள்ளையை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தேன்.

"அய்யய்யோ, துப்புங்கக்கா! பச்சையெல்லாம் விஷம்!" என்று கத்தினார் ஜெபராஜ்.

"வெள்ளையத்தான் தொட்டேன். சும்மா இரு."

துப்பிவிட்டு வாய் கொப்பளித்தேன். உப்பு இல்லை. கரிக்கவே இல்லை. சுண்ணாம்பு போலச் சப்பென்று, லேசான கசப்போடு இருந்தது. வெந்நீர்ப் பானையின் அடியில் படிகிற வெள்ளை இருக்கிறதே, அது. நம் போர்வெல் தண்ணீர் எங்கே போனாலும் விட்டுவிட்டு வரும் கையெழுத்து.

"இது தண்ணி," என்றேன். "எங்கயோ இந்த வண்டி மேல போர்த்தண்ணி ஊத்துறாக."

காளிராஜ் யோசித்துப் பார்த்தார். வண்டி கழுவுவது எங்கள் செட்டில்தான், அதுவும் ஆற்றுத் தண்ணீர்க் குழாயில். வேறு எங்கும் இல்லை என்றார். பொய் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றுவதை யாராவது ஞாபகம் வைத்துச் சொல்வார்களா? கேட்டு வாசலில் நடப்பதும் அவருக்கு அப்படித்தான்.

ஜெபராஜ் புதுச் சென்சார் போட்டார். ரப்பர் குழாய்களையும் சாக்கெட்டையும் மாற்றினார். ஸ்கேனரை மாட்டி, பழைய சென்சார் சொல்லி வைத்த பொய்களை எல்லாம் அழித்தார். நான் மேனேஜருக்குப் போன் போட்டேன்.

"அடுத்த லோடுக்கு காளிராஜ்தான் வருவார். நானும் கூட வர்றேன். கேட்டுல வச்சு உப்புன்னு நீங்க காட்டிட்டா, வண்டியவே இனி அனுப்ப மாட்டேன்."

"சரி வாங்கம்மா," என்றார்.

பச்சை வாளி

இப்போது கேட்டுக்கு வருவோம். ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. சீனியம்மாள் இரண்டாவது வாளியையும் வீசிவிட்டு நிமிர்ந்தார். அந்தப் பச்சை வாளியின் உள்பக்கம், விளிம்பிலிருந்து பாதி வரை, வெள்ளையாகக் காரை கட்டியிருந்தது.

நான் கதவைத் திறந்து இறங்கினேன். வாளியை வாங்கி, நகத்தால் சுரண்டி, நாக்கில் வைத்தேன்.

"ஏந்தாயி, வாளிய நக்குறீக?" என்று சீனியம்மாள் பயந்துபோய் ஜெபராஜைப் பார்த்தார்.

அதே சப்பு. அதே கசப்பு.

வண்டியைக் கேட்டிலிருந்து பின்னுக்கு எடுத்து, சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த வேப்பமரத்தடியில் நிறுத்தச் சொன்னேன். ஆலைக்குள் இரும்பு ஸ்பேனர் எடுக்கக் கூடாது. வெளியே பிரச்சினையில்லை. ஜெபராஜ் புதுச் சாக்கெட்டைக் கழற்றிக் கவிழ்த்தார். உள்ளிருந்து தண்ணீர் சொட்டியது.

"கொதிக்கிற சாமான் மேல பச்சத்தண்ணி விளுந்தா, குளுந்து சுருங்கும்போது தண்ணிய உள்ள இளுத்துக்கிடும்க்கா," என்றார். "இது மட்டுமில்ல. உள்ள இருக்கிற பில்டர் மண் ஓடு மாதிரி. இப்படியே ஊத்துனா ஒரு நாளைக்கு விரிசல் விட்டுரும்."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காளிராஜ் பொறுப்பாக வழியிலேயே கரியை எரித்துவிட்டு வருகிறார். அதனால் அவர் வண்டிதான் மற்ற எல்லா வண்டியையும்விடக் கொதிக்கிறது. அது கொதிப்பதைப் பார்த்து சீனியம்மாள் பொறுப்பாக அதற்கு மட்டும் இரண்டு வாளி ஊற்றுகிறார். இரண்டு பேருடைய பொறுப்பும் சேர்ந்து ஒரு சென்சாரைக் கொன்றிருக்கிறது.

"இனிமே ஊத்தாதீக," என்றேன்.

"ஊத்துவேன்," என்றார் சீனியம்மாள்.

சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். முழங்கைக்குக் கீழே தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

"அப்ப நான் உள்ள பேக்கிங்ல இருந்தேன். ஒரு வண்டியோட சைலன்சர்ல காஞ்ச புல்லு சிக்கிப் புகையுது. பக்கத்து ரூம்புல எங்காளுக அம்புட்டுப் பேரும் இருக்காக. என் கையில குடிதண்ணிக் குடம். அப்படியே ஊத்திட்டேன். ஆவி அடிச்சு இப்படி ஆச்சு. அதுக்கப்புறம்தான் என்னைய கேட்டுல போட்டாக. அன்னைலருந்து ஒரு வண்டியும் சூட்டோட உள்ள போனதில்ல. நீங்க யாரு வந்து சொன்னாலும் விட மாட்டேன்."

அந்தக் கையைப் பார்த்த பிறகு, இந்தம்மா காவல் இருக்கும் கேட்டுக்குள் என் வண்டி போவதில் எனக்குப் பெருமைதான் வந்தது.

"உங்களுக்கு தண்ணி ஊத்தணுமா, சூடு போகணுமா?" என்று கேட்டேன்.

"சூடு போகணும். அம்புட்டுதான்."

"அப்ப வண்டி இந்த மரத்தடியில ஆறட்டும். ஆறுச்சா இல்லையான்னு நீங்களே பாருங்க. தோசைக்கல்லு காஞ்சதை எப்படிப் பாப்பீக?"

சீனியம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "தண்ணி தெளிச்சுத்தான். சுர்ருன்னா காஞ்சிருக்கு."

"சுர்ருன்னா உள்ள விடாதீக."

அவர் தலையாட்டினார். சட்டென்று ஏதோ தோன்றியவராக, "ஒரு சென்சாருக்காகவா தாயி நீங்க இம்புட்டுத் தூரம் வந்தீக?" என்று கேட்டார்.

சொன்னேன். உப்பு லோடு என்று மேனேஜர் சொன்னதை, காளிராஜ் இனி இந்தக் கேட்டுக்கு வரக் கூடாது என்றதை. காளிராஜ் மரத்தில் சாய்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சீனியம்மாள் வாளியை எடுத்தார். கேட்டுக்கு ஒட்டியிருந்த ஆபீஸ் அறைக்கு விறுவிறுவென்று நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

மேனேஜரின் மேசை மேல் வாளியை டொக்கென்று வைத்தார்.

"அய்யா, உப்பு ஏத்துனது காளிராஜ் இல்ல. நான்தான்."

மேனேஜர் வாளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் விவரம் சொன்னேன். என் பையில் வைத்திருந்த பழைய சாக்கெட்டை வாளிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"நாக்குல வச்சுப் பாருங்க சார். வாளியத்தான்."

தயங்கினார். பிறகு, அவரும் இந்த ஊர்க்காரர்தானே, விளிம்பைச் சுரண்டி நாக்கில் தொட்டார். முகம் சுளித்தது.

"சுண்ணாம்பு," என்றார்.

எழுந்து, வெயிலில் சாலையைத் தாண்டி, மரத்தடிக்கே வந்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. மேனேஜர்கள் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள், தாங்களே நடந்து வர மாட்டார்கள்.

"தப்பாச் சொல்லிட்டேன்ப்பா காளிராஜு. மத்த கேட்டுக்கும் நானே போன் போட்டுச் சொல்லிருதேன். வண்டியை உள்ள விடு. லோடு காத்துக்கிட்டிருக்கு."

ஜெபராஜ் அதற்குள் சாக்கெட்டைக் காயவைத்து மாட்டியிருந்தார். காளிராஜ் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் தொட்டார். ஆனால் திருகவில்லை. எனக்குப் புரியவில்லை. இன்னும் என்ன கோபம் என்று நினைத்தேன்.

"என்னப்பா?" என்றார் மேனேஜர்.

"மதினி இன்னும் சொல்லலையே சார்," என்றார் காளிராஜ், சீனியம்மாளைக் காட்டி.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ரோட்டில் நின்று அழுவது என் வழக்கமில்லை, ஆனாலும் அழுதேன். ஒரு கேட்டிலும் சேர்க்க மாட்டார்கள் என்று தவித்த மனிதர், மேனேஜரே வந்து போகச் சொல்லியும், அந்த அம்மாவின் வார்த்தைக்குக் காத்திருந்தார்.

சீனியம்மாள் வாளியில் புதிதாகத் தண்ணீர் பிடித்து, உள்ளங்கை நிறைய எடுத்து வந்தார். குனிந்து சைலன்சர் வாய் மேல் தெளித்தார். காதைச் சாய்த்துக் கேட்டார். நாங்கள் எல்லோரும் கேட்டோம். வேப்பமரத்துக் காற்றின் சத்தம் மட்டும்தான் இருந்தது.

"இப்பப் போ," என்றார்.